நீ அழிக்க விடாத வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து அரை கிலோ சிவப்பு ராஜ்மா வாங்கி வந்து ஊறப் போட்டேன். மறுநாள் விடிந்ததும் மூடியைத் திறந்தபோது அந்தப் பச்சை வாசனை முகத்தில் அடித்தது. தண்ணீர் மாற்ற எடுத்த பாத்திரத்தை அப்படியே மேடையில் வைத்துவிட்டு நின்றேன்.

நாம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒருநாள், வெள்ளணுக்களைத் தூண்டிவிட நாம் போடும் அந்த மருந்துப் பொடி எதிலிருந்து வருகிறது என்று நீ புட்டியின் காகிதத்தைப் படித்துக் கண்டுபிடித்தாய். மறுநாள் உன் டிபன் டப்பாவில் ராஜ்மா குழம்பு. மூடியைத் திறந்து என் முன்னால் தள்ளி, "இதுதான்டீ நம்ம ஆளு. வேகாம தின்னா வயித்தக் கலக்கும். வெள்ளணுவுல போட்டா அத ஒதச்சு எழுப்பும். எவ்ளோ திமிரு பாரு இந்தக் கொட்டைக்கு" என்றாய். அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து சார் எட்டிப் பார்த்தார்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதினால் நீ இல்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு வீம்பு. ஆனால் சென்ற வாரம் நம் கூடத்தின் ஆண்டு மலர் வந்தது. அதில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி. ‘புன்னகை மாறாதவர். யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர். நோயை அமைதியாக ஏற்றுக்கொண்டவர்.’

மூன்றும் பொய். நீ முக்கால்வாசி நேரம் உர்ரென்றுதான் இருப்பாய். எதிர்த்துப் பேசாத நாள் உனக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. நோயை நீ அமைதியாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன்னை நல்லவளாக்குகிறேன் என்று அவர்கள் வேறு யாரையோ செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தவள் மேல்விஷாரத்திலிருந்து தினமும் பேருந்து பிடித்து வேலூருக்கு வருபவள். தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்த மனிதரின் மகள். வந்த முதல் வாரமே என்னோடு சண்டை போட்டவள். நுண்ணோக்கியில் செல்களை நான் எண்ணி எழுதி வைத்திருந்தேன். நீ வந்து என் தாளைக் கவிழ்த்து வைத்தாய்.

"நீ எண்ணினத என்கிட்ட சொல்லாத. நானும் எண்ணுறேன். அப்புறமா ரெண்டையும் பாக்கலாம்."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லியா?"

"என்மேலயும்தான் இல்ல."

நான் எதற்கும் "விடுடீ" என்று சொல்கிற ரகம். ஆம்பூரில் எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். பெரியவர்கள் சொன்னால் சரி, சண்டை வேண்டாம், ஜெபம் பண்ணிவிட்டுப் படு. நீ என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு என் அமைதியைக் கெடுத்தாய். அதற்கு இன்றுவரை நான் உனக்கு நன்றி சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளர்களின் வெள்ளணுக்களைச் சோதிக்கும் ஆய்வு நமக்கு வந்தது. நாம் சார் என்று கூப்பிடும் நம் ஆய்வுத் தலைவர் அதற்காக இரண்டு வருஷம் அலைந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை காலையில் ஆம்பூருக்கு வண்டி போகும். டேனரிக்குப் பின்புறம் இருந்த ஒரு ஷெட்டில் மேசை போட்டு உட்காருவோம். குரோம் ஏறி நீலம் பாரித்த தோல்கள் பக்கத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கும். எனக்குத் தலை வலிக்கும். உனக்கு அந்த வாசனை ஒன்றும் செய்யாது. "எங்க வீட்டு வாசனைடீ இது" என்பாய்.

ஏழுமலையை அங்கேதான் பார்த்தோம். தோல் உருளும் பெரிய டிரம்மை ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். சட்டை அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டிவிட்டு, நீ ஊசியை எடுப்பதற்குள் கேட்டார்.

"இன்னாம்மா, எடுத்துட்டுப் போய் இன்னா பண்ணுவீங்க?"

"வளப்போம்ணா."

"ரத்தத்தயா?"

அவருக்கு நீ விளக்கிச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் நான் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. "ரத்தத்துல வெள்ளையா சில அணு இருக்குதுண்ணா. உடம்புக்குக் காவக்காரன் அதுங்கதான். நாங்க அதுங்கள மட்டும் தனியாப் பிரிச்சு சின்னச் சின்னக் குழியில போட்டு, உடம்புச் சூட்டுலயே இன்குபேட்டர்ங்கற பெட்டியில மூணு நாளு வைப்போம். பாதிக் குழியில ஒரு கொட்டையோட சாறு போடுவோம். அது போய் ஒதைக்கும். நல்ல தெம்பான அணுவா இருந்தா முழிச்சிக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அப்புறம் ஒரு மஞ்சச் சாயம் விடுவோம். எவ்ளோ வளந்திருக்கோ அவ்ளோ ஊதாவா மாறும். மெஷினு அந்த ஊதாவ அளந்து சொல்லும்."

"என்னுது மாறலன்னா?"

"மாறலன்னா உங்ககிட்ட வந்து சொல்லுவோம். அந்தத் தாள்ல எழுதியிருக்கு பாருங்க. நீங்க கையெழுத்து போட்ட தாளு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "வளந்தாலும் ஏழுமல கேப்பாரும்மா, எதுக்கு வளந்துச்சுன்னு" என்றார் ஒருவர். ஏழுமலையும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கிளம்புவதற்கு முன் நீ என்னை உட்காரச் சொன்னாய். "கைய நீட்டு கிரேஸு." ஒப்பீட்டுக்கு நம் இருவர் ரத்தத்தையும் குழிகள் கொண்ட ஒவ்வொரு தட்டிலும் வைப்பது நம் வழக்கம். ஆனால் அதை எப்போதும் கூடத்துக்குத் திரும்பி வந்துதான் எடுப்போம். நீ இங்கேயே எடுக்க வேண்டும் என்றாய்.

"லேபுக்குப் போய் எடுத்துக்கலாமேடீ. இந்த வெயில்ல..."

"அதுக்குத்தான் சொல்றேன். அவங்க ரத்தம் வெயில்ல வருதுன்னா நம்ம ரத்தமும் அதே பெட்டியில வெயில்லதான் வரணும்."

நீ எனக்கு எடுத்தாய். நான் உனக்கு எடுத்தேன். ஒவ்வொரு தட்டிலும் மேல் வரிசை உன்னுடையது, இரண்டாவது வரிசை என்னுடையது, கீழே அவர்களுடையது என்று அன்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை தட்டை எடுத்துப் பார்த்தோம். உன் வரிசையும் என் வரிசையும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. கீழே சில வரிசைகள் நன்றாகவே வந்திருந்தன. நான்கு வரிசைகள் மட்டும் வெளிறிக் கிடந்தன. கொட்டைச் சாறு போட்ட குழிகள் போடாத குழிகளைவிட லேசாகத்தான் நிறம் மாறியிருந்தன. அதிலும் ஏழுமலையின் வரிசை படுமோசம்.

சார் வந்து எட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் அவர் அனுப்பிய கட்டுரை ஒன்றை, உங்கள் கூடத்தில் செல் வளர்ப்பு நம்பும்படி இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காயம் அவருக்கு ஆறவில்லை. வெளிறிய குழியைக் கண்டாலே பயந்துபோவார்.

"இந்த நாலும் கல்ச்சர் ஃபெயிலியர். இன்குபேட்டர் ப்ராப்ளமா இருக்கும். கணக்குல சேக்காதீங்க."

"இன்குபேட்டர்னா எல்லாருக்கும்தான சார் கம்மியாகணும்? என்னுது வளந்திருக்கு. கிரேஸோடது வளந்திருக்கு."

"ஆம்பூர்ல இருந்து வர்றதுக்குள்ள செல் செத்திருக்கும்மா."

"எங்க ரத்தமும் அங்க எடுத்ததுதான் சார். ஒரே பெட்டியிலதான் வந்துச்சு. போடறதுக்கு முன்னாடி உயிரோட இருக்கான்னு ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணியிருக்கோம். நோட்டுல இருக்கு."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. "எதுக்கு பேஜாரு? விட்டுட்டு அடுத்த பேட்சைப் பாருங்க" என்றார்.

நான் மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாய்.

"நமக்கு வளந்தா சரி, அவங்களுக்கு வளரலன்னா மெஷினு தப்பா சார்? அவங்க உடம்புல ஏதோ சரியில்லன்னு அந்தக் குழி சொல்லுது. அதக் கேக்கத்தான போனோம்? கேட்டுட்டு, பதில் வந்ததும் காது கேக்கலன்னு சொன்னா எப்டி?"

சாரின் முகம் சிவந்துவிட்டது. கூடத்தில் இருந்த எல்லோரும் கையில் இருந்ததைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் அவர், "மறுபடி எடுத்துட்டு வந்து பண்ணுங்க. அப்பவும் இப்படியே வந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அன்று நீ நோட்டைத் தலைகீழாகப் பிடித்தபடி படித்துக்கொண்டிருந்தாய். நான் மட்டும்தான் பார்த்தேன். எதிர்த்துப் பேசுகிறவர்களுக்குப் பயம் இருக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுபடி எடுத்தோம். நான்கில் ஒருவருக்கு இந்த முறை வளர்ந்திருந்தது. அதை நீ மறைக்கவில்லை, பெரிதாக எழுதினாய். மற்ற மூவருக்கும் பழையபடிதான். ஏழுமலையின் வரிசை இம்மியும் நகரவில்லை. சார் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தச் சோதனை எது நோய் என்று சொல்லாது, உடம்பைப் பாருங்கள் என்று மட்டும்தான் சொல்லும் என்று ஏழுமலையிடம் நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். பார்த்தார்கள். நுரையீரலில் காசம். மாத்திரை ஆரம்பித்தார்கள். எல்லாப் பழியையும் டேனரிமேல் போட்டுவிடலாம் என்று நான் அவசரப்பட்டபோது நீதான் என்னைத் தடுத்தாய். "ஒரு ஆள வெச்சு சொல்லாத. எல்லாத் தட்டும் முடியட்டும்" என்றாய். எதிர்த்துப் பேசுவதைவிட அது கஷ்டம் என்று இப்போது தெரிகிறது.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் நன்றாகப் போனது. பிறகு உன் கையில் கன்றிப்போன தடங்கள் வர ஆரம்பித்தன. நான் ஊசி போடும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். என் கை சரியில்லை என்று நினைத்து, கொஞ்ச நாள் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "நீ குத்துறதுதான் எனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டாய். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருவதற்குள் மூச்சு வாங்கியது. வெயில் ஜாஸ்தி என்றாய். மார்கழி மாதத்தில்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நீதான் தட்டை வெளியே எடுத்தாய். சாயம் விட்டு, காத்திருந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய். இரண்டாவது வரிசையிலிருந்து எல்லாம் எப்போதும்போல இருந்தன. மேல் வரிசையில் மட்டும், சாறு போட்ட குழியும் போடாத குழியும் ஒரே நிறம். வித்தியாசமே இல்லை. உதைத்தும் எழுந்திருக்கவில்லை.

தட்டை மெஷினில் வைத்தாய். எண்கள் வந்தன. கண்ணால் பார்த்ததையே மெஷினும் சொன்னது.

"உன் வரிசையில சாறு விட மறந்திருப்படீ" என்றேன். அப்போது பார்த்து சார் உள்ளே வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

"பாத்தீங்களா? உங்களுதே வளரல. நான் அன்னிக்கே சொன்னேன், இன்குபேட்டர் சரியில்லன்னு. இந்தத் தட்டைத் தூக்கிப் போடுங்க."

நீ சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு முறை. மெஷின்மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்திருக்கலாம். சொல்லேன், சரி சார் என்று சொல்லேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னாய். "கிரேஸோடது வளந்திருக்கு சார். தட்டு சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

அவர் கையிலிருந்த தாள் இறங்கியது. பிறகு அவர், "உக்காரும்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் பாதி மன்னித்தேன்.

மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி, நீயே நடந்து போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தாய். சாயங்காலம் மருத்துவர் கூப்பிட்டார். ரத்தப் புற்று. வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தன. எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் காவல் காக்கத் தெரியாத அணுக்கள்.

நீ பையை எடுக்கப் போனபோது நான் நோட்டைப் புரட்டினேன். உன் வரிசையின் எண்கள் முந்தைய மூன்று தட்டுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. நீ பார்த்திருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உன்னைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்துக் கத்தினேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

"பயமா இருந்துச்சு கிரேஸு" என்றாய். அவ்வளவுதான். அதற்குமேல் நான் என்ன கேட்பது.

வைத்தியம் ஆரம்பித்தது. உன் அம்மா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வார்டு வராந்தாவில் எல்லோர் முன்னிலும் ஒருநாள் கேட்டேவிட்டார். "சும்மாச் சும்மா ஊசி குத்தி எம்பொண்ணு ரத்தத்த உறிஞ்சினீங்களே, அதுலதான வந்துச்சு இது?" நீ கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாய். முடி கொட்டி, துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாய்.

"அம்மா, ஊசியால வரல. ஊசியாலதான் தெரிஞ்சுது. அவளப் பேசாத."

அம்மா அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் என்னை எழுந்து போகச் சொல்லவில்லை.

அமைதியாக ஏற்றுக்கொண்டாய் என்று மலரில் எழுதியவரை அந்த வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த மருந்து எதற்கு என்று சொல்லாமல் உன் கையில் ஒரு சொட்டு ஏற்ற விட்டாயா நீ? ‘எல்லாம் நல்லதுக்கே’ என்று ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரரிடம், "எதுல நல்லது, சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டு அவரை வாயடைக்க வைத்தாய். அழுதாய். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாய். சாக விருப்பமில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வெளிப்படையாகச் சொன்னாய். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முப்பத்தாறு வயதில் யாருக்குத்தான் விருப்பம் இருக்கும்?

நீ வார்டில் இருக்கும்போதுதான் அறிக்கை எழுதும் நேரம் வந்தது. சார் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். உன் எண்கள் இறங்கிய நான்கு தட்டுகளையும் முழுதாக விட்டுவிடலாம் என்றார். ஒப்பீட்டுக்கு வைத்த ஆளே நோயாளி என்று தெரிந்தால் மறுபடி திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் கவலை. அந்த நான்கு தட்டுகளில் ஆம்பூர்க்காரர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். வெயிலில் வரிசையில் நின்று கையை நீட்டியவர்கள்.

சரி சார் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அந்த நாலு தட்டுலயும் என் வரிசை இருக்குது சார். அது நல்லா வளந்திருக்கு. அதுக்குத்தான் ரெண்டு பேரா வெச்சோம்."

"அது சரிம்மா, ஆனா அவங்க வரிசை..."

"அவ வரிசையும் இருக்கட்டும் சார். அழிக்காதீங்க. ஏன் வளரலன்னு பக்கத்துல எழுதுங்க. நாலு தட்டையும் எடுத்துட்டா நான் அறிக்கையில கையெழுத்து போடமாட்டேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கி வைத்தார். "அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார்.

வார்டுக்கு வந்து சொன்னேன். நீ கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாய். தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன்.

"எழுதச் சொல்லு. பென்சில்ல இல்ல, பேனாவுல" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "நீயா அப்டிப் பேசின?" என்று கேட்டாய்.

"நான்தான்."

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். மூன்று முறை சொல்ல வைத்தாய். மூன்றாம் முறை சாரின் முகம் போன போக்கையும் சேர்த்து நடித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நீ சிரித்தாய்.

அறிக்கை எல்லாத் தட்டுகளோடும் போனது. கேள்விகள் வந்தன. நானும் சாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினோம். ஏற்றுக்கொண்டார்கள். டேனரியில் நீண்ட காலம் வேலை செய்தவர்களில் பலருக்கு வெள்ளணுக்கள் மந்தமாக எழுகின்றன, ஏன் என்று இன்னும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த டேனரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் வந்து எல்லோரையும் பார்க்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. அது வந்த சேதியை உன்னிடம் சொல்ல முடியவில்லை. பதினோரு நாள் முந்திக்கொண்டாய்.

உன்னை எடுத்துப்போன அன்று, அடக்கத்துக்குப் பெண்கள் வரும் வழக்கமில்லை என்பதால் கபரஸ்தானுக்கு வெளியே சாலையோரம் நின்றேன். ஏழுமலை ஆம்பூரிலிருந்து வந்திருந்தார். உள்ளே போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். உடம்பு தேறியிருந்தது. சட்டை அளவாக இருந்தது.

"அந்தம்மா வுட்டுருந்தா நான் இந்நேரம் போய்ட்டிருப்பேன்" என்றார். பிறகு, "நீங்க நிக்கறதுன்னா நானும் நிக்கறேன்" என்றார். எல்லோரும் கலைந்து போகும்வரை இருவரும் அந்த வெயிலில் நின்றோம்.

நீ நோயோடு போராடித் தோற்றாய் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நீ எதில் தோற்றாய்? உன்னைப் பற்றி உன் ரத்தம் சொன்னதை, கேட்கப் பிடிக்காத பதிலை, சபையில் நின்று உரக்கப் படித்தவள் நீ. தப்பித்துக்கொள்ளக் கதவைத் திறந்து வைத்தார்கள். நீ போகவில்லை. செத்துப்போவது எல்லோரும் செய்வதுதான்.

மலரைப் போட்டவர்களுக்கு நேற்று கடிதம் கொடுத்துவிட்டேன். அந்த நாலு வரியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் உன் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று. ‘எதிர்த்துப் பேசுபவர்’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். போடுவார்களா தெரியாது. போடும்வரை நான் விடப்போவதில்லை.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் வரிசை வெளிறியிருந்தது.

உன் இடத்தில் இப்போது தீபா இருக்கிறாள். கலவை ஊர்ப் பக்கம். நல்ல பெண், என்னைப் போலவே அமைதி. அவள் வரிசை நன்றாக ஊதாவாக இருந்தது. என்னுடையது மட்டும் கழுவிவிட்ட துணி மாதிரி. எனக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. என் பிள்ளைகளின் முகம் வந்தது. உன் வார்டு வந்தது.

தீபா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "இன்குபேட்டரா இருக்கும்க்கா. இந்தத் தட்ட விட்டுடலாமா?" என்றாள்.

"உன்னுது வளந்திருக்கே" என்றேன்.

உட்கார்ந்தேன். நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். நான் எண்ணியது, அவள் எண்ணியது, எவ்வளவு நீர்க்க வைத்தோம், எவ்வளவு விட்டோம். அரை மணி நேரத்தில் அகப்பட்டது. என் செல்களை நான் இரண்டு முறை நீர்க்க வைத்திருக்கிறேன். அன்று காலையில் யாரோ பேச்சுக்கொடுத்தார்கள், கவனம் தப்பிவிட்டது. நோய் இல்லை. மெஷினும் இல்லை. என் தப்பு.

பேனாவை எடுத்து என் வரிசைக்குப் பக்கத்தில் அதை அப்படியே எழுதினேன். யாருடைய பிழை, எப்படி நேர்ந்தது, கீழே என் முழுப் பெயர். தீபா பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். அதை எழுத வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

நீ இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பாய். பேச்சு என்னடீ வேலை நேரத்தில் என்று கேட்டிருப்பாய். திட்டி முடித்துவிட்டு, சரி, கைய நீட்டு, திரும்பப் போடலாம் என்றிருப்பாய்.

சட்டைக் கையை மடித்துவிட்டு, தீபாவிடம் கையை நீட்டினேன்.